சிரிக்க வைத்தவரும் சிரிக்கக் கூடாதவளும்

ஜே.பி. சந்திரபாபுவைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே கதைதான். மேதை, வாய்த்துடுக்கு, உயரம், வீழ்ச்சி, கடன், குடி, மரணம். ஊரைச் சிரிக்க வைத்தவன் உள்ளே அழுதான் என்ற வரியில் கட்டுரை முடியும். அந்தக் கதையில் பொய்யில்லை. ஆனால் அதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு எழுகிற கேள்விக்கு அதில் பதில் கிடைப்பதில்லை. மேற்கத்திய இசையை, அதன் தாளத்தை, அதன் கூத்தடிப்பை ஓர் ஆண் தமிழுக்குக் கொண்டுவந்தபோது அது நகைச்சுவை ஆனது. அதே இசையை ஒரு பெண் பாடியபோது அது ஏன் கவர்ச்சி ஆனது? அவரைப் பார்த்துச் சிரித்த அதே கொட்டகை அவளைப் பார்த்து விசில் அடித்தது. சிரிப்புக்கும் விசிலுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1

முதலில் மனிதர். ஜோசப் பனிமயதாஸ் ரோட்ரிக்ஸ் சந்திரபாபு 1927இல் தூத்துக்குடியில் பிறந்தார். தந்தை விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். பிள்ளைப் பருவம் கொழும்பில் கழிந்தது. 1943இல் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. 1947இல் 'தன அமராவதி'யில் தலைகாட்டினார். அதற்குப் பிறகும் ஸ்டூடியோ வாசல்களில் காத்திருந்த காலம் நீண்டது. ஜெமினி ஸ்டூடியோவில் விரக்தியின் உச்சத்தில் தற்கொலைக்கு முயன்றார். பிழைத்தார். 1952இல் அதே ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் நடித்தார்.

'பெண்' (1954) படத்தில் எஸ். பாலசந்தருக்குப் பின்னணி பாடினார். பிற்காலத்தில் வீணை மேதையாக அறியப்பட்ட அதே பாலசந்தர்தான், திரையில் சந்திரபாபுவின் குரலுக்கு வாயசைத்தார். 'புதையல்' (1957), 'சபாஷ் மீனா' (1958), 'மரகதம்' (1959), 'அன்னை' (1962) என்று வரிசையாக வந்த படங்களில் அவருடைய பாட்டுக்கென்றே ஆட்கள் போனார்கள். 'கவலை இல்லாத மனிதன்' (1960) அவரைக் கதாநாயகனாக வைத்து வந்தது. 1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை அவரே இயக்கினார். எம்.ஜி.ஆரை வைத்து எடுக்கத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. அதோடு பணமும் நின்றது. 1974இல், 46 வயதில் இறந்தார்.

சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். ஏனென்றால் இவ்வளவும் நமக்குத் தெரியும். தெரியாதது அவருடைய குரலுக்குள் இருக்கிறது.

2

சந்திரபாபுவின் அடையாளம் யோடலிங். நெஞ்சிலிருந்து வரும் கனத்த குரலும் தலைக்குள் ஒலிக்கும் மெல்லிய உச்சக் குரலும் ஒன்றோடொன்று சட்டென்று மாறி மாறி வரும் பாட்டுமுறை அது. ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் பிறந்தது. அமெரிக்காவுக்குப் போய், கறுப்பின மக்களின் ப்ளூஸோடு கலந்து, கிராமபோன் தட்டுகளில் உலகம் சுற்றியது. நம் பாட்டுக்காரர்கள் குரல் உடையக் கூடாது என்று பயிற்சி எடுப்பார்கள். யோடலிங்கில் குரல் உடைகிற இடம்தான் அழகு.

அந்த உடைப்பில் என்ன நடக்கிறது? ஓர் ஆண் நாம் 'ஆண் குரல்' என்று வைத்திருக்கும் இடத்திலிருந்து 'பெண் குரல்' என்று வைத்திருக்கும் இடத்துக்குத் தாவுகிறான். உடனே திரும்பிவிடுகிறான். மறுபடி தாவுகிறான். அவன் உடம்பும் கூடவே வளைகிறது, இடுப்பு ஆடுகிறது, கால் பின்னுகிறது. கதாநாயகன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் இடத்தில் இவர் எலும்பில்லாதவர் போல நெளிகிறார். கொட்டகை சிரிக்கிறது. அந்தச் சிரிப்பில் ஓர் அனுமதி இருக்கிறது: போய் வா, நீ திரும்பி வந்துவிடுவாய் என்று எங்களுக்குத் தெரியும்.

ஜாஸ் இசையின் வரலாற்றிலும் சிரிப்புக்கு இந்த வேலை உண்டு. 1926இல் லூயிஸ் ஆர்ம்ஸ்ட்ராங் ஒரு பதிவில் சொற்களை விட்டுவிட்டு அர்த்தமற்ற அசைகளால் பாடினார். பாட்டுத்தாள் கீழே விழுந்துவிட்டது என்பது அதற்குச் சொல்லப்படும் வேடிக்கைக் கதை. திறமையைத் தற்செயலாகவும் விளையாட்டாகவும் காட்டினால்தான் ஒரு கறுப்பினக் கலைஞனால் வெள்ளையர் மேடையில் நிற்க முடியும் என்ற காலம் அது. பின்னால் வந்த இளைய கறுப்பின இசைஞர்களில் சிலர் அவருடைய அகலச் சிரிப்பைக் கண்டு கூசினார்கள். சிரிப்பு ஒரு முகமூடி, அதே சமயம் ஒரு நுழைவுச்சீட்டு. சந்திரபாபுவும் அந்தச் சீட்டை வாங்கித்தான் உள்ளே வந்தார். கதாநாயகன் ஆக முடியாத உடல், கர்நாடக இசைப் பயிற்சியின் சுவடு இல்லாத குரல், கிறித்தவப் பெயர், கொழும்புப் பின்னணி. இவையெல்லாம் கோமாளிக்கு மன்னிக்கப்பட்டன.

ஆகவே அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. தமிழ்த் திரையின் ஆண்மைக்கு அவர் ஒரு மாற்று. பலமில்லாத, வெட்கப்படுகிற, தோற்றுப் போகிற, ஆடிக்கொண்டே அழுகிற ஆண்களை அவர் நடித்தார். பெண்ணைத் திருத்தவோ அடக்கவோ கிளம்பாத ஆண் உடல் ஒன்று அந்தக் காலத் திரையில் இருந்தது என்றால், அது பெரும்பாலும் அவருடையது. கேள்வி அவரைப் பற்றியது அல்ல. அந்தச் சீட்டு யாருக்கு விற்கப்பட்டது, யாருக்கு விற்கப்படவில்லை என்பதைப் பற்றியது.

3

எல்.ஆர். ஈஸ்வரியின் இயற்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. அவருடைய தாய் ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடியவர். அம்மாவோடு ஒலிப்பதிவுக்குப் போன சிறுமி 'மனோகரா' (1954) படத்தில் கோரஸில் நின்றாள். சந்திரபாபு பாலசந்தருக்குப் பாடிய அதே ஆண்டு. 1958இல் கே.வி. மகாதேவன் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் தனிப்பாட்டு கொடுத்தார். 1961இல் 'பாசமலர்' படத்தின் கல்யாணப் பாட்டு அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. இன்றும் அம்பத்தூர், ஆவடி மண்டபங்களில் மணப்பெண் மேடைக்கு வரும்போது பல இடங்களில் அதுதான் ஒலிக்கிறது.

கல்யாணப் பாட்டோடு நின்றிருந்தால் அவர் இன்னொரு 'குடும்பப் பாடகி' ஆகியிருப்பார். ஆனால் அந்தக் குரலுக்கு வேறு திறமைகள் இருந்தன. பாட்டுக்கு நடுவே சிரிப்பார், விக்குவார், மூச்சு வாங்குவார், கூவுவார், ஒரு சொல்லைக் கடித்துத் துப்புவார். ஜாஸ் பாடகர்கள் சொல்லை ஒலியாக்கி விளையாடுவதைத்தான் அவர் தமிழில் செய்தார். சந்திரபாபு உச்சக் குரலுக்குத் தாவினார் என்றால், ஈஸ்வரி எதிர்த்திசையில் இறங்கினார். பெண் குரல் இருக்க வேண்டிய இனிய உயரத்திலிருந்து நெஞ்சுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்கினார். இரண்டும் எல்லை தாண்டல்தான். அவருடைய தாண்டலுக்குப் பெயர் நகைச்சுவை. இவருடைய தாண்டலுக்குப் பெயர் 'கிளப் டான்ஸ் பாட்டு'.

இந்தப் பெயரிடலுக்குப் பின்னால் இன்னொரு பெண் நிற்கிறாள். மேற்கத்திய இசையைச் சென்னையில் வீட்டு இசையாக வைத்திருந்தவர்கள் ஆங்கிலோ இந்தியர்கள். பெரம்பூர் தொடங்கி இந்த ரயில் பாதையை ஒட்டி வாழ்ந்த குடும்பங்களில் பியானோவும் கிட்டாரும் கிறிஸ்துமஸ் நடனமும் சாதாரணம். ஸ்டூடியோ வாத்தியக் குழுக்களிலும் கோவாக்காரர்களும் அவர்களும் வாசித்தார்கள். ஆனால் அந்தச் சமூகத்துப் பெண்ணுக்குத் தமிழ் ஒரு சொல் வைத்திருந்தது: சட்டைக்காரி. உடை அணிவதையே ஒழுக்கக் குறைவாக ஆக்கிய சொல். திரையில் கிளப்பில் ஆடுகிறவளுக்கு அவளுடைய உடையும் ரீட்டா, ஜூலி மாதிரியான பெயரும் ஒட்டப்பட்டன. மேற்கத்திய தாளம் ஆணிடம் வந்தபோது அவன் வேடிக்கையான 'துரை' ஆனான். பெண்ணிடம் வந்தபோது அவள் சட்டைக்காரி ஆனாள். ஒருவன் நையாண்டிக்கு உரியவன், ஒருத்தி சந்தேகத்துக்கு உரியவள்.

'சிவந்த மண்' (1969) படத்தில் கதாநாயகி ஆட, கதாநாயகன் சவுக்கால் அடிக்க, ஒவ்வோர் அடிக்கும் ஈஸ்வரியின் குரல் துடிக்கும். அந்தப் பாட்டை இசை நுட்பத்துக்காகப் புகழாதவர்கள் இல்லை. நானும் அதில் சொக்கியிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். சந்திரபாபுவின் குரல் உடையும்போது நாம் சிரிக்கிறோம். ஈஸ்வரியின் குரல் உடைய வேண்டுமென்றால் திரைக்கதைக்கு ஒரு சவுக்கு தேவைப்படுகிறது. ஆணின் குரல் விளையாட்டில் உடையலாம், பெண்ணின் குரல் வலியிலோ போதையிலோ மோகத்திலோதான் உடையலாம் என்பது எழுதப்படாத விதி.

அவருக்கு மென்மையாகப் பாடத் தெரியாது என்பதும் இல்லை. 'வெள்ளி விழா' (1972) படத்தில் வி. குமார் இசையில் கிட்டத்தட்ட கிசுகிசுப்பாக அவர் பாடிய பாட்டைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். தெரிந்தும் திரையுலகம் அவரை ஒரு பெட்டிக்குள் வைத்தது. கதாநாயகிக்கு ஒரு குரல், 'அந்த மாதிரி'ப் பெண்ணுக்கு ஒரு குரல் என்று பிரித்த பெட்டி.

4

இதெல்லாம் ஐம்பது வருடப் பழைய விஷயம் என்று நினைக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றின் ஆண்டுவிழாவுக்கு என் அக்கா மகள் தோழிகளோடு ஒரு நடனம் பழகினாள். இலந்தைப் பழம் விற்கும் பெண் பாடும் ஈஸ்வரியின் பாட்டு. 1968இல் வந்த 'பணமா பாசமா' படத்தின் பாட்டு. கூடையைத் தலையில் வைத்து, தெருவில் நின்று, தன் சரக்கைத் தானே கூவி விற்கிற ஒரு பெண்ணின் பாட்டு. பிள்ளைகள் வீட்டிலிருந்து கூடை கொண்டு போனார்கள். ஒத்திகையை ஒரு முறை பார்த்த டீச்சர் நிறுத்திவிட்டார். "அந்த மாதிரிப் பாட்டெல்லாம் வேண்டாம்மா, ஃபேமிலியா வந்து பாக்கறாங்க" என்றாராம்.

அதே விழாவில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இருவர் கோட்டும் தொப்பியும் போட்டு, சந்திரபாபு போல வளைந்து நெளிந்து, யோடல் செய்து கைதட்டல் வாங்கினார்கள். நன்றாகவே செய்தார்கள். எனக்கு அவர்கள்மேல் எந்தக் குறையும் இல்லை. வீட்டுக்கு வந்து அவள் கேட்டாள்: "சித்தி, பழம் விக்கிறதுல என்ன தப்பு?"

அந்தக் கேள்வி அவளுக்குத் தெரிந்ததைவிடப் பெரியது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு விடியற்காலையில் ஷேர் ஆட்டோவிலும் கம்பெனி வேனிலும் போகிற பெண்கள், பூந்தமல்லி சந்தையில் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கிறவர்கள், ஆவடி ரயில் நிலையத்தில் கொய்யா விற்கிறவர்கள் எல்லாரும் உரத்த குரலில்தான் பேசுகிறார்கள். இயந்திரச் சத்தத்துக்கும் ரயில் சத்தத்துக்கும் மேலே பேசியாக வேண்டும். அவர்களுடைய குரல் நெஞ்சுக் குரல். ஈஸ்வரி பாடியது அந்தக் குரலை. அதை 'அந்த மாதிரி' என்று தள்ளும்போது ஒரு பாட்டை மட்டும் தள்ளுவதில்லை, உழைக்கிற பெண்களின் தொண்டையையே ஒழுக்கக் கேடாக்குகிறோம். 'பொம்பள சிரிச்சா போச்சு, புகையில விரிச்சா போச்சு' என்ற பழமொழியைச் சொல்லாமலே அந்தப் பள்ளி நடைமுறைப்படுத்தியது.

5

மீண்டும் சந்திரபாபுவிடம் வருகிறேன். அவர் வாழ்க்கைக் கதையில் எல்லாரும் நிறுத்தி நிதானமாகச் சொல்கிற ஒரு கட்டம் உண்டு. திருமணமான பிறகு மனைவி தன் முந்தைய காதலைச் சொல்கிறார். சந்திரபாபு அவரை அந்தக் காதலரிடமே அனுப்பி வைக்கிறார். எந்தக் கட்டுரையை எடுத்தாலும் இந்த இடத்தில் மொழி நெகிழ்ந்துவிடும். 'விட்டுக்கொடுத்தார்', 'தியாகம் செய்தார்', 'அனுப்பி வைத்தார்'.

இந்த வினைச்சொற்களைக் கவனியுங்கள். நம்முடையதாக இருக்கும் பொருளைத்தான் விட்டுக்கொடுக்க முடியும். அனுப்பி வைப்பது பார்சலை. அந்த இரவில் தைரியமான காரியம் ஒன்று நடந்தது, அதைச் செய்தவர் அந்தப் பெண். 1950களில் ஒரு புகழ்பெற்ற நடிகரின் மனைவி, இந்த வாழ்க்கை எனக்கு வேண்டியதல்ல என்று வாய் திறந்து சொல்வது எவ்வளவு பெரிய விஷயம்! கேட்டுக்கொண்டவர் பண்பாளர், சந்தேகமில்லை. அன்றைய ஆண்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ஆனால் சொன்னவளைப் பற்றி ஒரு வாக்கியமும் கேட்டவரைப் பற்றி ஒரு காவியமும் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவருடைய துயரத்துக்குக் காரணம் என்ற ஒற்றை வேலைக்காகவே அந்தப் பெண் கதைக்குள் வருகிறார். அதனால்தான் அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்த வேலைக்கு அவரை இன்னொரு முறை கூப்பிட எனக்கு மனமில்லை.

பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' (1981) இந்தச் சம்பவத்தின் சாயல் என்று நீண்ட காலமாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் திரைக்கு வரும்போது என்ன மாறியது என்று பார்ப்பது சுவாரஸ்யமானது. படத்தில் வேடிக்கையான இசைக்காரன் கணவன் அல்ல, காதலன். ஆர்மோனியப் பெட்டியோடு வரும் பாலக்காட்டு மாதவன். கணவரான டாக்டர் மனைவியைக் காதலனோடு சேர்த்து வைக்கத் தயார். ஆனால் மாதவன் தாலியின் புனிதத்தைச் சொல்லி மறுத்துவிட்டுப் போகிறான். இரண்டு நல்ல ஆண்கள் ஒரு பெண்ணைப் பற்றி விவாதித்து முடிவெடுக்கிறார்கள். அவள் நடுவில் நிற்கிறாள். படம் முழுக்க நம்மைச் சிரிக்க வைத்த இசைக்காரன் கடைசிக் காட்சியில் பண்பாட்டின் காவலனாகிறான். வாழ்க்கையில் போக முடிந்த பெண்ணால் திரையில் போக முடியவில்லை.

6

பெண்கள் சிரிக்க வைக்கவே இல்லையா? வைத்தார்கள். டி.ஏ. மதுரம் பாடினார், ஆடினார், என்.எஸ். கிருஷ்ணனுக்குச் சரிக்குச் சமமாக வாயாடினார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் 1944 முதல் 1947 வரை சிறையிலும் வழக்கிலும் சிக்கியிருந்தபோது வழக்கையும் நாடகக் குழுவையும் தாங்கிப் பிடித்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சந்திரபாபு இறந்த அதே 1974இல் அவரும் இறந்தார். 'கலைவாணர்' என்று ஒரு பட்டம் இருக்கிறது, அரங்கம் இருக்கிறது. மதுரம் இன்னும் 'கலைவாணரின் துணைவியார்'தான்.

மனோரமா 1958இல் 'மாலையிட்ட மங்கை'யில் வந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் சென்னைத் தமிழில் அவர் பாடிய பாட்டு, 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு நடித்த ரிக்‌ஷாக்காரரின் மொழிக்கு ஒரு பெண் எழுதிய பதில் போல எனக்குக் கேட்கும். ஆனால் விலையைப் பாருங்கள். நகைச்சுவை நடிகையாக நிலைத்து நிற்க அவர் கதாநாயகி ஆகும் ஆசையை விட வேண்டியிருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அம்மாவாக, ஆச்சியாக மாற வேண்டியிருந்தது. சிரிக்க வைக்கும் பெண் ஒன்று அழகற்றவளாக இருக்க வேண்டும், அல்லது தாயாக இருக்க வேண்டும். சந்திரபாபு நெளிந்து ஆடிக்கொண்டே காதலனாகவும் இருந்தார். 'மரகதம்' படத்தில் ஜமுனா ராணியோடு பாடிய காதல் பாட்டு இன்றும் நிற்கிறது. கோமாளியாக இருந்துகொண்டே காதலிக்கப்படும் உரிமை பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

1960இல் பெர்லின் மேடையில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒரு பாட்டின் நடுவில் வரிகளை மறந்தார். நிறுத்தவில்லை. மறந்துவிட்டதையே பாட்டாக்கினார், ஆர்ம்ஸ்ட்ராங்கின் குரலை நையாண்டி செய்தார், அசைகளால் விளையாடினார். அரங்கம் சிரித்தது. அந்தப் பதிவுக்கு கிராமி விருது கிடைத்தது. மேடையில் ஒரு பெண் தடுமாறி, அந்தத் தடுமாற்றத்தைத் தானே வேடிக்கையாக்கி, கூட்டத்தைத் தன்னோடு சேர்த்துச் சிரிக்க வைத்த தருணம் அது. அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அவளோடு சிரித்தார்கள். தமிழ் மேடையில் ஒரு பெண் தடுமாறினால் என்ன நடக்கும் என்று இதைப் படிக்கும் மாணவிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

7

ஆடி மாதம் வந்தால் எங்கள் பக்கத்தில் குழாய் ஸ்பீக்கர் இல்லாத தெரு கிடையாது. கூழ் காய்ச்சும் அதிகாலை நான்கு மணிக்கே ஈஸ்வரி பாடத் தொடங்கிவிடுவார். திருவேற்காட்டுக் கருமாரியைப் பற்றிய அவருடைய பாட்டு அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை ஒவ்வொரு சிறு கோயிலிலும் ஒலிக்கும். 'கிளப் பாட்டு' பாடிய அதே நெஞ்சுக் குரல்தான். அதே கூவல், அதே மூச்சு. கேட்டுக்கொண்டே பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆடுகிறார்கள். வேப்பிலை கையில் இருப்பதால் யாரும் தடுப்பதில்லை. கிறித்தவராகப் பிறந்த ஒரு பெண்ணின் குரல் அம்மனின் குரலாக ஆகியிருப்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி உண்டு. கூடவே ஒரு கசப்பும் உண்டு. அந்தக் குரலை மோகத்துக்கு வைத்தோம், பக்திக்கு வைத்தோம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சாதாரண விளையாட்டுக்கு மட்டும் வைக்கவில்லை. கூத்தடிக்க ஒரு பெண்ணுக்குச் சாமி வர வேண்டியிருக்கிறது. சந்திரபாபுவுக்கு ஒரு தொப்பி போதுமாக இருந்தது.

அவருடைய சாதனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு எதுவுமில்லை. அவர் தாண்டிக் காட்டிய எல்லை உண்மையானது. ஆண் குரல் உடையலாம், ஆண் உடல் வளையலாம், ஆண் தோற்கலாம் என்று தமிழ்க் கொட்டகைக்குக் கற்றுக்கொடுத்தார். அவரைச் சோகக் கதையாக மட்டும் படிப்பது அந்தப் பாடத்தை மறைத்துவிடுகிறது. அவரை ஈஸ்வரிக்கும் மனோரமாவுக்கும் மதுரத்துக்கும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்த வாசலில் யார் யார் நிறுத்தப்பட்டார்கள் என்பது தெரியும். தமிழ் சினிமா இசையை வகுப்பில் பேசுகிற ஆசிரியைகளிடம் நான் கேட்பது இதுதான்: இருவரையும் ஒரே மணி நேரத்தில் ஒலிக்க விடுங்கள். யோடலிங்கையும் இலந்தைப் பழத்தையும் அடுத்தடுத்துப் போடுங்கள். எதற்குச் சிரிப்பு வருகிறது, எதற்குத் தலை குனிகிறது என்று மாணவிகளே கவனிக்கட்டும். பிறகு பழம் விற்பதில் என்ன தப்பு என்று அவர்களிடம் கேளுங்கள்.